மீன் தட்டில் ஜூனிப்பர்

என் தம்பி யோஹேய ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்ற வழியிலதான் அந்தச் செடிய வாங்கினோம். நான்தான் வண்டி ஓட்டினேன். டாக்டர் சொன்னதக் கேட்டுட்டு வந்த ஆத்திரத்துல எனக்கு ஸ்டியரிங்கயே பிடிக்க முடியல. "ஈரல் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. இனிமே குடிச்சா அடுத்த வருஷம் இவர் உயிரோட இருக்க மாட்டாரு"ன்னு அந்த டாக்டர் பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. இவன் என்னமோ பஸ் டைம் கேட்டுக்கிட்டவன் மாதிரி தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டான்.

யோஹே என்னைவிட ரொம்பச் சின்னவன். பள்ளிக்கூடம் முடிஞ்சதுமே ஒசாகாவுக்குப் போய் ஒரு பூட்டுக் கம்பெனியில சேர்ந்தான். கம்பெனிய இழுத்து மூடினாங்க, அப்புறம் பொண்டாட்டி போனா, அப்புறம் பாட்டில் வந்துச்சு. கடைசியில ஒரு பையோட எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். அப்பா அம்மா விட்டுட்டுப் போன பேரிக்காய்த் தோப்ப நானும் என் வீட்டுக்காரர் இசாமுவும்தான் பாத்துக்கறோம். இசாமு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாது. "மச்சான் பின்கட்டு ரூம்ல இருக்கட்டும்"னு சொன்னாரு, அவ்வளவுதான்.

அன்னைக்குப் பேரிக் கிளையப் படர விடற பந்தலுக்குக் கம்பி வாங்க டவுன்ல ஒரு செடிக்கடையில நிறுத்தினேன். வாசல்லயே விக்காம தேங்கிப் போன செடியெல்லாம் ஒரு ஷெல்ஃப்ல கிடந்துச்சு. இவன் அதுல குனிஞ்சு, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில ஒரு பக்கமா சாஞ்சிருந்த ஒண்ண எடுத்தான். 'போன்சாய்க்கு ஏத்தது'ன்னு மட்டும் ஒரு சீட்டு குத்தியிருந்துச்சு.

"ஏண்டா, இருக்கறதுலயே கேவலமானதத்தான் எடுப்பியா?"

"இலைய ஏன்க்கா பாக்கற? அடியில பாரு. தண்டு எவ்வளவு தடியா இருக்கு."

"உன் தொப்பை மாதிரி."

அவன் சிரிச்சான். வந்து நாலு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சான். அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிக் குடுத்தேன்.

அவனுக்கு இதப் பத்தி ஒரு எழவும் தெரியாது. போன்ல வீடியோ பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டான். முதல் நாளே கத்தரிய எடுத்துட்டு உக்காந்துட்டான். வெட்டி, வேர அறுத்து, கம்பி சுத்தி, தொட்டி மாத்தி எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணிடணும்னு துடிப்பு. அப்புறம் எந்த வீடியோவுல என்ன சொன்னானோ தெரியல, கத்தரியக் கீழ வெச்சுட்டான்.

"புதுசா ஆரம்பிக்கறவன் எல்லாரும் இப்படித்தான் கொல்றாங்களாம்க்கா. ஒரு வருஷத்துக்கு ஒரு கொடுமைதான் பண்ணலாமாம். கிளையில கை வெச்சா வேர்ல கை வைக்கக் கூடாது."

"நல்லது. உன்னையும் அப்படி விட்டிருந்தா நீயும் உருப்பட்டிருப்ப."

பழைய சாப்பாட்டுக் குச்சிய வெச்சு மேல் மண்ண மட்டும் நோண்டிக்கிட்டே இருந்தான். வேர் எங்க பிரியுதுன்னு பாக்கறானாம். கோழி கிளறற மாதிரி ஒரு வாரம் கிளறினான். அப்புறம் எந்தப் பக்கம் முன்பக்கம்னு முடிவு பண்ணணுமாம். சாப்பிடும்போது பக்கத்துல வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பான். இசாமு தன் சூப்புக் கிண்ணத்த நகத்தி அதுக்கு இடம் விடுவாரு.

கம்பி சுத்தறப்பதான் விஷயம் வந்துச்சு. ஒவ்வொரு கிளைக்கும் மெல்லிசான அலுமினியக் கம்பியச் சாய்வா, இறுக்காம, தளராம சுத்தி அப்புறம் வளைக்கணும். கை நடுங்கினா ஒண்ணும் நடக்காது. இவன் கை என்ன நடுக்கம் நடுங்கும் தெரியுமா? டீ கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிக்கறவன். முதல் கிளையே படக்குன்னு முறிஞ்சுது. அதப் பாத்துட்டு ஐம்பது வயசுக்கு மேல ஆன ஆம்பள கேவிக் கேவி அழுதான். அடுப்படிக்குப் போய் முள்ளங்கி நறுக்கினேன்.

மறுநாள் பின்கட்டுக்குப் போனா, அலமாரியில ஒளிச்சு வெச்சிருந்த சாகே சாராய பாட்டில எல்லாம் வரிசையா வாசல்ல வெச்சிருக்கான். எனக்கே தெரியாம இத்தன பாட்டிலா!

"எடுத்துக் கொட்டிடுக்கா. இத சுத்தி முடிக்கற வரைக்கும் தொட மாட்டேன்."

"சுத்தி முடிச்சதும்?"

"முடியற வேலை இல்லக்கா இது."

அந்த முறிஞ்ச கிளைய அவன் வெட்டி எறியல. பட்டைய உரிச்சு, வெள்ளைக் குச்சியா அப்படியே மரத்துலயே விட்டுட்டான். செத்த கிளையும் கூட இருந்தாத்தான் மரத்துக்கு வயசு தெரியும்னான். பாக்க எலும்பு மாதிரி இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் அந்த ஷெல்ஃப்ல கிடந்த குப்பைச் செடி மரம் மாதிரி தெரிய ஆரம்பிச்சுது, பொய் சொல்லக் கூடாது.

கோடை போச்சு, பேரி பறிச்சு முடிச்சோம், பனி வந்துச்சு. அவன் கை நின்னுடுச்சு. தை தைன்னு ஆடிக்கிட்டிருந்த கை, ஊசியில நூல் கோக்கற அளவுக்கு நின்னுடுச்சு. டாக்டர் பொண்ணு ரிப்போர்ட்ட ரெண்டு தடவ பாத்தா. "என்ன மருந்து சாப்பிடறீங்க?"ன்னா. "செடிக்குத் தண்ணி ஊத்தறேன்"னான் இந்த மடையன். வண்டிக்கு வந்து நான் நல்லா அழுதேன். அந்தச் செடி இருக்கற வரைக்கும் இவன் இருப்பான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மொட்டு விடற காலத்துல தொட்டி மாத்தணும்னான். எங்க அம்மா மீன் வைக்கற நீளத் தட்டு ஒண்ணு ஓரம் விரிசல் விட்டுக் கிடந்துச்சு. அதுல இசாமு டிரில் போட்டு ஓட்டை போட்டுக் குடுத்தாரு. மரம் அதுல அம்சமா உக்காந்துச்சு.

ஏப்ரல்ல பேரி பூத்துச்சு. ஊரே வெள்ளை. அந்த ஒரு வாரம் எங்களுக்கு நிக்க நேரம் இருக்காது. கையில பஞ்சுக் குச்சிய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பூவுக்கும் மகரந்தம் தொட்டு வைக்கணும். முதல் நாள் நல்ல மழை. மறுநாள் காலையில வெயில் வந்ததும் எல்லா வீட்டு ஆளும் பந்தலுக்குக் கீழ. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிச்சுக்கிட்டு நிக்கறோம். அப்பதான் தோப்பு நடுவுல போற பாதையில இவன் வர்றான். தட்ட ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, சாமி தூக்கிட்டு வர்றவன் மாதிரி.

"அக்கா! அக்கா! பூத்துடுச்சுக்கா!"

பக்கத்துத் தோப்பு தோமி சிரிச்சா. "மிசாவோ, உன் தம்பி புள்ள பெத்துட்டான் போல."

நான் திரும்பிப் பாத்தேன். பச்சை இலைக்கு நடுவுல ஆரஞ்சு கலர்ல, கொழகொழன்னு, ஜெல்லி மாதிரி தொங்குது. மழையில ஊறி வெயில்ல மின்னுது. அழகாத்தான் இருந்துச்சு.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதச் சொல்ல வேண்டியதே இல்ல. பேரி இலையில செம்புள்ளி விழற நோய் ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு வீடு வேணும். கோடையில பேரி மரத்துல குடியிருக்கும். அங்கிருந்து கிளம்பி ஜூனிப்பர் மரத்துக்குப் போய்க் குளிர்காலத்தக் கழிக்கும். வசந்த மழையில அந்த ஜெல்லியா வெளிய வந்து, காத்துல ஏறி மறுபடியும் பேரிக்கு வந்துடும். ஒரு வீட்ட இடிச்சாப் போதும், நோய் செத்துடும். அதனாலதான் நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே ஊர்ல இருந்த ஜூனிப்பரையெல்லாம் வெட்டி எரிச்சு, இனிமே யாரும் வளக்கக் கூடாதுன்னு சட்டமும் போட்டாங்க. கோயில் கூரையவிட உசரமா நின்ன மரத்தக்கூட விடல. யோஹே அப்ப பொறக்கவே இல்ல. எனக்கும் ஞாபகத்துல இருந்தது அந்த ராட்சச மரம்தான். கெட்டில் உசரத்துக்கு மீன் தட்டுல உக்காந்திருக்கறதும் அந்த ஜாதிதான்னு யாருக்குத் தோணும்? ஐம்பது வருஷமா ஊர்ல எவனும் அந்த ஜெல்லியக் கண்ணால பாத்ததில்ல.

ஒகிமோதோவுக்கு மட்டும் உடனே தெரிஞ்சுது. எங்க பேரி சங்கத்துத் தலைவர். வெள்ளைச் சுவர் போட்ட பெரிய வீட்டுக்காரர், எங்க தோப்புக்கு மேல் பக்கம். ஏணியிலேர்ந்து இறங்கி நிதானமா வந்தாரு. தட்ட வாங்கல. விரல் நீட்டிக் காட்டினாரு.

"இது பூ இல்ல தம்பி. இந்தக் கவட்டுல பாரு, பட்டைக்கு அடியில. உள்ள இன்னும் இருக்கும்."

இருந்துச்சு.

யோஹேக்கு ஒண்ணும் புரியல. என் மூஞ்சியப் பாத்தான். நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெண்டு வீட்டுக் கதையச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் மூஞ்சியில இருந்த சிரிப்பு எப்படிப் போறதுன்னு தெரியாம அங்கேயே நின்னுச்சு. அதுக்குள்ள சுத்தி எல்லா வீட்டு ஆளும் வந்துட்டாங்க. யாரும் சத்தம் போடல. எங்க ஊர்ல சத்தம் போட மாட்டாங்க, அதுதான் கொடுமை.

இசாமு தொண்டையச் செருமினாரு. அந்த மனுஷன் ஊர்க் கூட்டத்துல வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. "தலைவரே, கடற்கரைப் பக்கம் என் தங்கச்சி வீடு இருக்கு. அங்க பேரியே கிடையாது. இப்பவே வண்டியில கொண்டு போய் வெச்சுட்டு வந்துடறேன். மச்சான் வாரம் ஒரு தடவ போய்ப் பாத்துக்கட்டும்."

"ஊர் முழுக்க வண்டியில ஊர்வலம் விட்டு நோயத் தூவிட்டுப் போகவா?" ஒகிமோதோ சிரிச்ச மாதிரிதான் சொன்னாரு. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், இசாமு. கோயில் மரத்தையே விடல."

உறைபனி விழற நாள்ல தோப்புல நெருப்பு மூட்டறதுக்கு எல்லா வீட்டுலயும் தகர பீப்பா வெச்சிருப்போம். தோமி வீட்டு பீப்பாவ உருட்டிட்டு வந்தாங்க.

"கம்பிய எடுத்துட்டுத் தரேன்"னான் யோஹே.

"எரியப் போறதுக்கு எதுக்குக் கம்பி எடுக்கணும்?"னு எவனோ கேட்டான்.

இவன் காதுல வாங்கல. பாதையிலயே சம்மணம் போட்டு உக்காந்தான். சட்டைப் பையிலேர்ந்து சின்னக் கத்தரிய எடுத்து, கம்பிய ஒவ்வொரு சுத்தா நறுக்கி நறுக்கி எடுத்தான். பிரிச்சு இழுத்தா கிளைக்கு வலிக்குமாம், அதனால நறுக்கித்தான் எடுக்கணும்னு முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கான். ஒரு இலை உதிரல. ஊரே நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. அவன் கை துளிகூட நடுங்கல. கடைசியில வேரோட தூக்கி மண்ணத் தட்டி, தட்ட என் கையில குடுத்துட்டு, மரத்த அவனே பீப்பாவுல போட்டான். எண்ணெய் ஊத்தின மாதிரி அந்தப் பச்சை மரம் படபடன்னு எரிஞ்சுது. பென்சில் சீவற வாசனை தோப்பெல்லாம் அடிச்சுது. அவன் எல்லாரையும் பாத்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டான். ஊர் திரும்பப் போய்ப் பூ தொட ஆரம்பிச்சுது.

ரெண்டு நாள் கழிச்சுச் சாப்பிட உக்காந்தப்ப அவன் மேல சாகே வாசனை வந்துச்சு.

"யோஹே, டேய். கெஞ்சிக் கேக்கறேண்டா."

"நடுங்கினா என்னக்கா இப்ப? இந்தக் கைக்கு என்ன வேலை இருக்கு?"

வேற செடி வாங்கித் தரேன்னேன். பைன் வாங்கலாம், மேப்பிள் வாங்கலாம், அதுக்கெல்லாம் இங்க தடை இல்லேன்னேன். அவன் சரி சரின்னான். கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஷெல்ஃப் முன்னாடி நின்னான், ஒண்ணையும் தொடல. வண்டியில வந்து உக்காந்துட்டான்.

மே மாசம் ஊர்த் தோப்பெல்லாம் செம்புள்ளி. போன வருஷமே அங்கங்க கொஞ்சம் இருந்துச்சு. அப்ப மருந்து சரியா அடிக்கலேன்னு பேசிக்கிட்டாங்க. இந்த வருஷம் பேசறதுக்கு ஆள் கிடைச்சுட்டான். கடைக்குப் போனா இவன் வர்றதப் பாத்துப் பேச்சு நிக்கும். தோமிகூட எனக்கு வணக்கம் சொல்லும்போது அவன் இருக்கற பக்கம் திரும்ப மாட்டா. இவன் குடிச்சுட்டு ஏணி போட்டு ஏறி, எங்க தோப்புப் புள்ளி இலையெல்லாம் ஒவ்வொண்ணாக் கிள்ளுவான். அப்புறம் அடுத்தவன் தோப்புலயும் போய்க் கிள்ளுவான். வேண்டாம்னு எவனும் சொல்லல. நன்றின்னும் சொல்லல.

பேரி பறிக்கற சமயத்துல செத்துப் போனான். கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, டாக்டர் பொண்ணு சொன்ன மாதிரியேதான். சாவுக்கு ஒகிமோதோ கறுப்புக் கோட்டுப் போட்டுட்டு வந்து ஊதுவத்தி வெச்சுட்டு, "பாவம், நல்ல கை அவனுக்கு"ன்னாரு. எனக்கு அப்பக்கூட உறைக்கல.

அடுத்த மே வந்துச்சு. எங்க மேல் பந்தல்ல குனிஞ்சு களை எடுத்துட்டு நிமிந்தேன். இலையில செம்புள்ளி. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்மை போட்ட மாதிரி.

"மருந்து சரியா விழலையோ என்னவோ"ன்னாரு இசாமு.

"என் தம்பி சாம்பலாகி எத்தன நாளாச்சு? அவன் மரம் சாம்பலாகி எத்தன நாளாச்சு? ரெண்டாவது வீடு இல்லாம இது எங்கங்க குளிர்காலம் தங்குச்சு?"

அப்பதான் எனக்கு இன்னொண்ணும் புரிஞ்சுது. யோஹே வாங்கிட்டு வந்தப்ப அந்தச் செடி சுத்தமா இருந்துச்சு. முதல் வருஷ ஏப்ரல் மழையில அதுல ஒரு பொட்டு ஆரஞ்சு இல்ல. அதுக்கு நோய் வந்ததே எங்க ஊருக்கு வந்த பிறகு, எங்க பேரி இலையிலேர்ந்துதான். அப்படீன்னா அந்த இலைக்கு எங்கிருந்து வந்துச்சு?

புள்ளி எந்தப் பக்கம் அதிகமா இருக்குன்னு பாத்துக்கிட்டே மேல நடந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் கூடிக்கிட்டே போச்சு. வெள்ளைச் சுவர்ல போய் முட்டினேன்.

வீடு வீடாச் சுத்தற ஊர் அறிவிப்பு அட்டை அன்னைக்கு எங்க வீட்டுல இருந்துச்சு. அதக் குடுக்கற சாக்குல ஒகிமோதோ வீட்டுக்குள்ள போனேன். வாசல்ல யாரும் இல்ல. நேரா பின்பக்கத் தோட்டத்துக்குப் போனேன். நிழல் துணி கட்டி, கருங்கல் மேடை மேல, தொட்டியில ஒரு ஜூனிப்பர். தண்டு என் தொடை அளவு. பாதி உடம்பு வெள்ளை எலும்பா முறுக்கிக்கிட்டு நிக்குது, மீதியில பச்சை. சத்தியமா அத மாதிரி ஒரு மரத்த நான் பாத்ததில்ல. கிட்டப் போய்க் கவட்டுல, பட்டைக்கு அடியில பாத்தேன். அந்த மனுஷன் விரல் நீட்டிக் காட்டின அதே இடம். ஆரஞ்சு காஞ்சு பழுப்பாகி ஒட்டியிருந்துச்சு.

பின்னாடி தண்ணி வாளியோட வந்து நின்னாரு.

"இருநூறு வருஷ மரம், மிசாவோ. எங்க கொள்ளுத் தாத்தாவுக்கும் முன்னாடி. கோயில் மரத்த வெட்டினப்ப எங்க அப்பா இத அரிசிக் கிடங்குல ஒளிச்சு வெச்சாரு. நான் மருந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என் தம்பியும் மருந்து அடிச்சிருப்பான்."

"அது வேற. அது கடைச் செடி."

"என் தம்பி?"

வாளியக் கீழ வெச்சாரு, மறுபடி தூக்கிக்கிட்டாரு.

சங்கக் கூட்டத்துல எல்லாத்தையும் போட்டு உடைச்சேன். யாரும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியல. அந்த மூஞ்சிங்களப் பாத்தப்ப, கொஞ்சம் பேருக்கு முன்னாடியே தெரியும்னு எனக்குப் பட்டுச்சு. எல்லாரும் தரையப் பாத்தாங்க. "அதத் தூக்கவே நாலு ஆள் வேணுமே"ன்னான் ஒருத்தன், என்னமோ கனம்தான் பிரச்சினைங்கற மாதிரி. வசந்த காலத்துல வலை போட்டு மூடிடலாம்னு முடிவாச்சு. கை தூக்கச் சொன்னாங்க. தோமியும் தூக்கினா. இசாமு மட்டும் ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சு உக்காந்துக்கிட்டாரு.

மறுநாள் நான் டவுனுக்குப் போனேன். அதே கடை, அதே ஷெல்ஃப். ஒரு பக்கமா சாஞ்ச ஜூனிப்பர் ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேல் மண்ணக் குச்சியால நோண்டினேன். மண்ண உதறாம அப்படியே தூக்கி அம்மாவோட மீன் தட்டுல வெச்சேன். வேர்ல கை வைக்கல. ஒரு வருஷத்துக்கு ஒரு கொடுமைதான். யோஹேயோட கம்பி மிச்சம் இருந்துச்சு. சுத்த உக்காந்தா கை கிடுகிடுன்னு நடுங்குது. நான் ஜென்மத்துல சாகே தொட்டவ இல்ல. முதல் கிளை முறிஞ்சுது. அதயும் வெட்டாம பட்டைய உரிச்சு விட்டேன்.

"நம்ம பேரியும்தானே போகும்?"னாரு இசாமு.

"போகட்டும். எல்லாம் நாசமாப் போகட்டும்."

அப்புறம் உள்ள போய் வாளியில தண்ணி கொண்டு வந்தாரு.

அத நான் பின்கட்டுல வைக்கல. தெரு வாசல்ல, தூண் மேல வெச்சிருக்கேன். தோப்புக்குப் போற எல்லாரும் அதத் தாண்டித்தான் போகணும். பீப்பாவையும் பக்கத்துலயே நிறுத்தி வெச்சிருக்கேன். கோடை முழுக்கப் போனாங்க வந்தாங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல. ஒகிமோதோ ஒரு நாள் நின்னு பாத்தாரு.

"நெருப்புப் பெட்டி எடுத்துட்டு வரட்டுமா, தலைவரே? உங்க மரத்தக் கொண்டு வாங்க, ரெண்டையும் சேத்தே போட்டுடலாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

இப்ப பனி விழுது. ஏப்ரல்ல மழை வரும், கோடையில எங்க பேரியிலேர்ந்து இந்தச் செடியில ஒட்டினது ஆரஞ்சா வெளிய வரும். எல்லாரும் பந்தலுக்குக் கீழ அண்ணாந்து நிக்கறப்ப, அந்தத் தட்ட ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு அவன் வந்த அதே பாதையில நான் வருவேன். பூத்துடுச்சுன்னு கத்திக்கிட்டே வருவேன். பீப்பாவ யார் உருட்டிட்டு வர்றாங்கன்னு பாக்கணும். அதுவரைக்கும் வேர் காயாம தண்ணி ஊத்தறேன்.